அண்ணனின் பாட்டுப் பெட்டி

எங்கள் ஊரில் என் அண்ணனைப் பெயர் சொல்லி விசாரித்தால் பலருக்குத் தெரியாது. 'செட்டுக்காரர்' என்றால் சிறு பிள்ளையும் வீட்டைக் காட்டும். தூத்துக்குடி மாவட்டத்தின் தேரிக்காட்டு ஓரத்துச் சிற்றூர் அது. 1979ஆம் ஆண்டில் கடன் வாங்கிய பணத்தில் ஓர் அகுஜா ஆம்ப்ளிஃபையரும், இரண்டு குழாய்களும், ஓர் இசைத்தட்டுப் பெட்டியும் வாங்கி அவர் ரேடியோ செட் தொழிலைத் தொடங்கினார். பூப்புனித நீராட்டு, திருமணம், கோவில் கொடை, எங்கள் ஆலயத் திருவிழா, அரசியல் கூட்டம் என எதுவாயினும் பனைமரத்தில் ஏறிக் குழாயைக் கட்டுவது அவர்தான். முப்பது ஆண்டுகள் அந்தத் தொழில் அவரைக் காத்தது. என்னைக் குருமடத்தில் படிக்க வைத்ததும் அந்தக் குழாய்களே என்று சொன்னால் மிகையாகாது.

இசைத்தட்டின் மேல் ஊசியை அவர் இறக்கும் விதத்தை நான் சிறுவனாக இருந்தபோது மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பாட்டு தொடங்கும் வரியைக் கண்ணால் கண்டு, மூச்சைச் சற்றே அடக்கி, 'டக்' என்ற ஓசைகூட எழாமல் வைப்பார். ஒலியைக் கூட்டும்போதும் அப்படித்தான். குழாய் ஊளையிடுவது அவருக்குத் தன்மானப் பிரச்சினை. பேச்சாளர் மைக்கின் அருகே வரும் முன்பே அவருடைய விரல் குமிழின் மேல் இருக்கும்.

அந்த விரல்களை 2017இல் நடுக்குவாதம் பற்றியது. ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் இலண்டன் மருத்துவர் 1817இல் இந்நோயைப் பற்றித் தனி நூலாக எழுதினார் என்பதால் அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நடுக்கம் மட்டுமே தெரிகிறது. உண்மையில் கை சும்மா இருக்கும்போதுதான் நடுக்கம் மிகுதி. ஒரு பொருளை எடுக்கப் போகையில் அது சற்றே தணிவதும் உண்டு. ஆனால் அப்போது விறைப்பும் மந்தமும் வந்து குறுக்கே நிற்கின்றன. சட்டைப் பொத்தானைப் போட அண்ணனுக்குப் பத்து நிமிடம் ஆகும். மாத்திரையின் வீரியம் குறையும் வேளைகளில் அதுவும் முடியாது.

(இதையெல்லாம் எழுதலாமா என்று அண்ணனிடமும் மதினியிடமும் கேட்டேன். "எழுது தம்பி, பேரு மட்டும் போடாதே" என்றார் அண்ணன். ஆகவே பெயரில்லாமல் எழுதுகிறேன்.)

வளைகுடா நாட்டில் பணிபுரியும் அவருடைய மகன், தந்தையின் ஆசையறிந்து, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டெனான் ரிசீவரையும் இரண்டு நல்ல ஸ்பீக்கர்களையும் கொண்டுவந்து வைத்திருந்தான். அண்ணன் அதைத் தம் பேரப்பிள்ளையைப் போலத் துடைத்து வைப்பார். நோய் முற்றியபின் அந்தப் பெட்டி ஊமையாயிற்று. ரிமோட்டிலோ எறும்பு வரிசையைப் போலச் சின்னச் சின்னப் பொத்தான்கள். ஒன்றை அழுத்தப் போய் வேறொன்று அழுந்தும், அப்புறம் திரையில் ஏதோ ஆங்கிலச் சொல் நிற்கும், பாட்டு வராது. ஒவ்வொரு முறையும் அடுப்படியிலிருந்து மதினியைக் கூப்பிட வேண்டும். நான்கைந்து முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கூப்பிடுவதையே விட்டுவிட்டார். "பாட்டு போடவா?" என்று மதினி கேட்டால், "வேண்டாம்" என்பார். நான் திங்கட்கிழமைகளில் நாற்பது கிலோமீட்டர் பேருந்தில் சென்று அவரைப் பார்த்து வருவது வழக்கம். முப்பது ஆண்டுகள் ஊருக்கே பாட்டுப் போட்டவரின் வீட்டில் நிலவிய அந்த அமைதி, எனக்கு நோயைவிடக் கொடியதாகத் தோன்றியது.

ஒரு திங்களன்று பெட்டியின் பின்புறத் தூசியைத் தட்டும்போது, ஒன்பது ஊசிகள் கொண்ட ஒரு செருகுவாயைக் கண்டேன். மேலே 'ஆர்.எஸ்.-232' என்று எழுதியிருந்தது. பழைய கணினிகளில் பார்த்த அதே வாய். ஒரு பாட்டுப் பெட்டிக்கு இது எதற்கு?

வாசகர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், பொறுத்தருள்க. ஆர்.எஸ்.-232 என்பது 1960இல் அமெரிக்க மின்னணுத் தொழில் சங்கம் வகுத்த ஒரு நியமம். தொலைபேசிக் கம்பிவழிச் செய்தி அனுப்பும் கருவியும் தட்டச்சு இயந்திரம் போன்ற கருவிகளும் ஒன்றோடொன்று பேசுவதற்காக ஏற்பட்டது. எழுத்துகளை ஒரே கம்பியில், ஒன்றன்பின் ஒன்றாக, வரிசையாக அனுப்புவதே இதன் முறை. ஒரு கம்பி பேச, ஒரு கம்பி கேட்க, ஒன்று இருவருக்கும் பொதுவான நிலம். இந்த மூன்றும் இருந்தாலே போதும். வேகத்தைக் குறிக்கும் 'பாட்' என்னும் அலகு, எமில் போடோ என்ற பிரெஞ்சுத் தந்திப் பொறியாளரின் பெயரால் வழங்குகிறது. இத்தனை பழைய வாயை, வீடு முழுவதையும் ஒரே இடத்திலிருந்து இயக்கும் செல்வந்தர் இல்லங்களுக்காக, ஒலிக்கருவி செய்வோர் நெடுங்காலம் பெட்டிகளில் வைத்துவந்திருக்கிறார்கள். ஏழைச் செட்டுக்காரர் வீட்டில் அது பயன்படாமல் தூசி படிந்து கிடந்தது.

ரிமோட்டின் வேலையையே வேறொரு கருவியைக் கொண்டு செய்யக்கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். செய்யலாம். ஆனால் ரிமோட் பேசுமே தவிரக் கேட்காது. கண்ணுக்குத் தெரியாத செவ்வொளியை வீசிவிட்டு அதன் வேலை முடிந்தது என்று இருந்துவிடும். பெட்டி விழித்திருக்கிறதா, தூங்குகிறதா என்பது அதற்குத் தெரியாது. வரிசைக் கம்பி அப்படியல்ல. நீ விழித்திருக்கிறாயா என்று கேட்கலாம், பதில் வரும். எவரேனும் பெட்டியின் முகப்பிலுள்ள குமிழைக் கையால் திருகினால்கூட, "ஒலி இந்த அளவுக்கு மாறிவிட்டது" என்று பெட்டியே தானாகத் தெரிவிக்கும். இந்தப் பண்பு பின்னால் எனக்கு எத்தகைய சங்கடத்தைத் தரப்போகிறது என்பதை அன்று நான் அறியேன்.

கணினியில் எனக்கிருந்த பயிற்சி சொற்பமே. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் ஆலயக் கதவுகள் அடைக்கப்பட்டிருந்தபோது, பங்கின் பாடகர் குழுவில் இருந்த பொறியியல் மாணவர் ஒருவர் 'ராஸ்பெரி பை' என்னும் சிறு கணினி ஒன்றை என்னிடம் கொடுத்து, பைத்தான் மொழியில் நிரல் எழுதவும் கற்றுக்கொடுத்தார். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், பள்ளிப் பிள்ளைகள் நிரல் கற்பதற்கென்றே உருவாக்கப்பட்டு, 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்த கருவி அது. சீட்டுக்கட்டு அளவே இருக்கும். ஐம்பதைக் கடந்த குருவானவர் ஒருவர் பிள்ளைகளின் பாடத்தைப் படிப்பதைக் கண்டு உபதேசியார் சிரித்தார், நானும் சிரித்தேன்.

ஆனால் இந்தப் பிள்ளைக்கும் அந்தக் கிழவனுக்கும் நேரடியாகப் பேச்சு நடவாது. ராஸ்பெரி பை 3.3 வோல்ட்டில் பேசும். ஆர்.எஸ்.-232 நியமத்தில் 'ஒன்று' என்பது கழித்தல் 3 முதல் கழித்தல் 15 வோல்ட் வரை. 'சுழி' என்பது கூட்டல் 3 முதல் 15 வரை. உண்டு என்பதற்குக் கழித்தலும், இல்லை என்பதற்குக் கூட்டலும்! தந்திக் காலத்து வழக்கத்தின் எச்சம் இது. நேரே இணைத்தால் சிறு கணினி கருகிவிடும். இடையில் 'மேக்ஸ்-3232' என்னும் சில்லு பொருத்திய சிறு பலகை ஒரு மொழிபெயர்ப்பாளனாக நிற்க வேண்டும். அதை வரவழைத்து, ஈயம் வைத்துப் பற்றவைத்து, பேசும் கம்பியையும் கேட்கும் கம்பியையும் இடம்மாற்றி இணைத்துவிட்டு, இரண்டு திங்கட்கிழமைகளை வீணாக்கினேன். இருவர் பேச, இருவர் வாயும் ஒரே கம்பியில் இருந்தால் கேட்பது யார்? போதாததற்கு, ராஸ்பெரி பை தான் விழிக்கும்போதெல்லாம் அந்தக் கம்பியில் தன் புராணத்தைப் பாடி, "உள்ளே வருபவர் யார்? பெயரைச் சொல்" என்று ரிசீவரை அதட்டிக்கொண்டிருந்தது. அந்த வழக்கத்தை அமைப்பில் நிறுத்திய பின்பே வழி பிறந்தது.

மூன்றாம் திங்களன்று, விழித்திருக்கிறாயா என்ற கேள்வியை அனுப்பினேன்: பி, டபிள்யூ, கேள்விக்குறி. கணினித் திரையில் ஒன்பது எழுத்துகள் வந்து நின்றன. காத்திருப்பு நிலையில் இருக்கிறேன் என்பது அதன் பொருள். பின்பு பி, டபிள்யூ, ஓ, என் என்று நான்கு எழுத்துகளை அனுப்பினேன். பெட்டிக்குள் 'கிளிக்' என்று ஓர் ஓசை. நீல விளக்கு எரிந்தது. கட்டிலில் இருந்த அண்ணன் தலையைத் திருப்பி, "ரிலே விழுந்துட்டு" என்றார். செட்டுக்காரரின் காது!

ஒவ்வொரு ஆணையின் முடிவிலும், 'இத்துடன் முடிந்தது' என்பதற்கு அடையாளமாகப் பதின்மூன்றாம் எண் குறியை அனுப்ப வேண்டும். தட்டச்சில் ஒரு வரி முடிந்ததும் நெம்புகோலைத் தள்ளி உருளையை வலப்பக்கத்துக்குக் கொண்டுசெல்வோமே, அதே செயலின் பெயர்தான் அந்தக் குறிக்கு. 1985இல் இளங்குருமடத்தில் தட்டச்சு கற்றபோது, அந்த நெம்புகோலைத் தள்ள மறந்து ஒரே வரியின் மேல் மீண்டும் மீண்டும் அடித்துத் தண்டனை பெற்றவன் நான். இங்கும் மறந்தேன், பெட்டி பேசாமல் இருந்தது. இன்னொரு விதியும் உண்டு. ஓர் ஆணைக்கும் அடுத்த ஆணைக்கும் இடையே 50 மில்லிநொடி விட வேண்டும். பெட்டியை எழுப்பும் ஆணைக்குப் பின்னர் மட்டும் ஒரு முழு நொடி பொறுக்க வேண்டும். நொடிக்கு 9600 துடிப்பு என்ற வேகத்தில் எழுப்பும் ஆணை போய்ச் சேர ஆறு மில்லிநொடிகூட ஆகாது. ஆனால் எழுந்தவுடன் அதை வேலை ஏவக்கூடாது. நோயாளிகளை அதிகாலையில் எழுப்பிப் பழகியவர்களுக்கு இது விளங்கும்.

அடுத்தது பொத்தான்கள். உள்ளங்கையாலும் அழுத்தலாம் என்ற எண்ணத்தில் பெரிய காலிங்பெல் சுவிட்சுகள் நான்கை வாங்கி, தச்சரிடம் சொல்லிச் சாய்வான மரப்பலகையில் பதித்துக் கட்டிலோரம் வைத்தேன். முதலாவது பெட்டியைத் திறந்து பாட்டைத் தொடங்கும், மறுமுறை அழுத்தினால் நிறுத்தும். இரண்டாவது அடுத்த பாட்டு. மூன்றாவதும் நான்காவதும் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும். பாடல்கள் ஒரு பென் டிரைவில். சிறு கணினியிலிருந்து ஒரு வயர் ரிசீவரின் சிடி வாய்க்கு.

முதல் நாளே தோல்வி. அண்ணன் ஒரு முறை அழுத்தியதைக் கணினி நான்கு முறையாக எண்ணியது. பெட்டி திறந்து, மூடி, திறந்து, மூடிற்று. எந்தச் சுவிட்சானாலும் உலோகத் தகடுகள் ஒட்டும்போது சில மில்லிநொடிகள் துள்ளும். அந்தத் துள்ளலைப் பொருட்படுத்தாதிருக்க எல்லா நிரலாளர்களும் வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் இது தகட்டின் துள்ளல் அன்று, கையின் துள்ளல். நடுக்குவாதத்தின் நடுக்கம் நொடிக்கு நான்கு முதல் ஆறு முறை. ஆகவே ஒரு முறை அழுந்தியபின் ஒன்றரை நொடி வரை எது வந்தாலும் காதில் வாங்காதே என்று எழுதினேன். அந்த ஒரே வரியில் நோயின் குறும்பு நின்றுவிட்டது. அண்ணன் அழுத்தினார், பாட்டு வந்தது, மீண்டும் அழுத்தினார், நின்றது. இப்படிப் பத்துப் பன்னிரண்டு முறை. மதினி கரண்டியோடு வாசற்படியில் நின்று பார்த்தார்கள். மூவரும் ஒன்றும் பேசவில்லை.

இத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். வெற்றி தந்த துணிவில் ஒரு படி மேலே போனேன். ராஸ்பெரி பையை இயக்கும் லினக்ஸில் 'கிரான்' என்றொரு காவற்காரன் உண்டு. குறித்த நேரத்தில் குறித்த வேலையைத் தவறாமல் செய்வான். காலை 5.30க்குத் தானாகவே பாட்டு ஒலிக்கும்படி அவனிடம் சொல்லிவைத்தேன். திருவிழா நாள்களில் அண்ணன் விடியற்காலையில் முதல் பாட்டுப் போடுவாரே, அந்த நினைவு. அடுத்த திங்கள் சென்றபோது அவர் முகம் சரியில்லை.

"தம்பி, காலையில அது தானாப் பாடுது."

"உங்களுக்குப் பிடிக்குமென்று நான்தான் வைத்தேன் அண்ணா."

"ஊருக்கே எப்பப் பாட்டுப் போடணும்னு நான் முடிவு பண்ணுனவன். இப்ப எனக்கு எப்பப் பாட்டு வேணும்னு நீ முடிவு பண்ணுறியா?"

குரலில் கோபமில்லை. ஆனால் என் முகம் சிவந்தது. நோயாளிகளுக்கு எது நல்லது என்று அவர்களைக் கேட்காமலே தீர்மானிக்கும் பழக்கம் எங்கள் பணியில் எளிதாக வந்துவிடுகிறது. அன்றே கிரானை வேலையிலிருந்து நீக்கினேன்.

அதன்பின் ஒரு மாதம் நல்லபடியாகக் கழிந்தது. 2022 நவம்பரில் ஒரு நாள், காலைத் திருப்பலிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. மதினி. "சாமி, அண்ணன் விழுந்துட்டாங்க. பெட்டி பேய் மாதிரிக் கத்திட்டு." விடியுமுன் நாலு மணிக்கு ஒலியைச் சற்றே கூட்ட அழுத்தியிருக்கிறார், பெட்டி அலறியிருக்கிறது, மின்செருகைப் பிடுங்கப் பதறி எழுந்தவர் கால் பெயராமல் நாற்காலி விளிம்பில் மோதி விழுந்திருக்கிறார். நெற்றியில் மூன்று தையல். திருப்பலி முடிந்து நான் போய்ச் சேர்ந்தபோது, கட்டுப்போட்ட நெற்றியோடு அவர் சொன்னது இதுதான்: "முப்பது வருசம் செட்டுப் போட்டேன். ஒரு நாளாவது இப்படிக் கத்த விட்டிருப்பேனா?" சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குற்றம் பெட்டியினுடையதன்று, என்னுடையது. அந்த ரிசீவரில் ஒலியின் அளவு ஓர் எண். 80 என்பது கருவியின் 'சுழி டெசிபல்'. 60 என்றால் அதற்கு 20 டெசிபல் கீழே. இரவு வேளைக்கு 30, 36 போதும். அண்ணன் கை நடுங்கிக் கூட்டிவிடாதபடி, 60ஐத் தாண்டும் எண் எதுவானாலும் 60 என்றே வைத்துக்கொள் என்று நிரலில் காவல் போட்டிருந்தேன். என் பொத்தான்கள் இரண்டிரண்டாகக் கூட்டும், குறைக்கும். ஆனால் பெட்டி அரை அளவுகளையும் அறியும். முப்பதரையைச் சொல்லும்போது புள்ளி வைக்காமல் 305 என்று மூன்று இலக்கமாகச் சொல்லும். கையேட்டில் இது தெளிவாக இருக்கிறது. நான்தான் அவசரத்தில் அந்த வரியைத் தாண்டிவிட்டேன். முப்பதரையை என் நிரல் முந்நூற்றைந்து என்று எண்ணி, அம்மாடி, எல்லை மீறிவிட்டதே என்று பதறி, 'பாதுகாப்பான' 60க்குக் கொண்டுபோய் நிறுத்திற்று. ஏறத்தாழ 30 டெசிபல் ஏற்றம். மின்திறன் கணக்கில் சுமார் 900 மடங்கு. காவலுக்கு என்று போட்ட வரியே அவரைத் தள்ளிவிட்டது.

மூன்றாம் இலக்கத்தை அரை என்று படிக்கும்படி திருத்தச் சில நிமிடங்களே ஆயின. ஆனால் ஒரு கேள்வி நின்றது. என் பொத்தான்கள் முழு எண்களை மட்டுமே தரும். முப்பதரை எங்கிருந்து வந்தது?

பிழை கண்டால் தேடுவதற்கு உதவுமென்று, ஒவ்வொரு பொத்தான் அழுத்தத்தையும், பெட்டி சொல்லும் ஒவ்வொரு சொல்லையும், நேரத்தோடு ஒரு பதிவேட்டில் எழுதிவைக்கும்படி தொடக்கத்திலேயே நிரலில் ஒரு வரி சேர்த்திருந்தேன். பங்கில் திருமுழுக்குப் பதிவேடும் திருமணப் பதிவேடும் எழுதி எழுதிப் பழகிய கை. எதையும் பதிந்துவைப்பது நல்லதென்றே நினைக்கும். அன்று பிற்பகல் அண்ணன் உறங்கும்போது அதைத் திறந்து படித்தேன்.

பகலில் பதிவுகள் குறைவு. இரவில்தான் நிறைய. 1.50க்கு ஒரு அழுத்தம். 2.10க்கு அடுத்த பாட்டு. 2.35க்கு ஒலிக் குறைப்பு. மீண்டும் ஒரு குறைப்பு. ஒரு மாதத்தில் அநேகமாக எல்லா இரவும் இப்படியே. "இரவில் தூக்கம் எப்படி அண்ணா?" என்று ஒவ்வொரு திங்களும் கேட்டிருக்கிறேன். "நல்லாத் தூங்குறேன்" என்றே சொல்லிவந்தார். அடுத்த அறையில் மதினி விழித்துவிடக்கூடாதென்று 36ஐ 32ஆக்கி, 28ஆக்கி, இருட்டில் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார்.

இன்னொன்றும் இருந்தது. மூன்று மணிக்கு மேல், எந்தப் பொத்தானும் அழுத்தப்படாமலே ஒலி மாறியதாகப் பெட்டி சொன்ன வரிகள். முப்பத்தொன்றரை, முப்பத்தொன்று, முப்பதரை என்று மெல்ல மெல்லக் குறைந்து, ஓரிடத்தில் நிற்கும். முகப்பிலுள்ள குமிழை ஒரு கை அரை அரையாகத் திருகியிருக்கிறது. அண்ணனால் அந்தக் குமிழைப் பிடிக்க முடியாது. வீட்டில் இருப்பவர்கள் இருவர்.

மதினியும் தூங்கவில்லை. சுவருக்கப்பால் பாட்டைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்து, அவர் கண்ணயர்ந்துவிட்டார் என்று தெரிந்ததும் எழுந்துவந்து, உறக்கம் கலையாதபடி ஒலியைத் தணித்துவிட்டுப் போயிருக்கிறார். "நீங்களாவது தூங்குகிறீர்களா மதினி?" என்று கேட்டபோதெல்லாம், "படுத்தா அடிச்சுப் போட்டாப்ல தூங்கிருவேன் சாமி" என்றவர் அவர்.

கணினியை மூடிவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து கேட்பவற்றை வெளியிடாதிருப்பது குருவுக்கு இயல்பாகிவிடுகிறது. அங்கே வருபவர் தாமாக வந்து, தாம் சொல்ல விரும்பியதைச் சொல்கிறார். இங்கேயோ இருவருமே என்னிடம் மறைக்க விரும்பியதை, ஒரு கம்பி வழியாக நான் திருடிக் கேட்டிருக்கிறேன். கிரானை நீக்கியபோது பாடம் கற்றுவிட்டதாக எண்ணியவன், அதைவிடப் பெரிய அத்துமீறலை ஒரு மாதமாக நடத்தியிருக்கிறேன். நோக்கம் நல்லதே என்ற சமாதானம் எழாமலில்லை. அறநெறி இறையியல் வகுப்பில் நல்ல நோக்கம் தவறான வழியைச் சரியாக்காது என்று எழுதி மதிப்பெண் வாங்கியவனுக்கு அந்தச் சமாதானம் நெடுநேரம் நிலைக்கவில்லை.

மாலையில் மதினி தண்ணீர் பிடிக்கப் போனபோது அண்ணனிடம் சொன்னேன். பெட்டி எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறது, நான் கேட்காமல் படித்துவிட்டேன், இரவில் நீங்கள் விழித்திருப்பது தெரிந்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று.

அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுவா சொல்லிட்டு?" என்றார். சற்றுப் பொறுத்து, "உன் மதினிகிட்ட சொல்லாதே. பகல் பூரா என்னோட மாரடிக்கா. ராத்திரியாவது தூங்கட்டும்."

"மருத்துவரிடம் சொல்லலாமா?"

"அவருகிட்டச் சொல்லு."

பேச்சு முடிந்தது என்று நினைத்தேன். அப்போது அவரே தொடர்ந்தார். "ஒண்ணு சொல்லணும் தம்பி. நீ நல்லா யோசிச்சு வச்சிருக்கே. நான் அசந்த பெறகு அது தானாச் சத்தத்தைக் குறைச்சிருது பாத்தியா. முழிச்சா மெதுவாக் கேக்கும். நம்ம அம்மா தாலாட்டை நிறுத்துற மாதிரி, ஒரேயடியா நிறுத்தாம, கொஞ்சங் கொஞ்சமா. அது எப்படி வச்சே?"

குருமடத்தில் ஒரு வினாவை நாங்கள் நெடுநேரம் விவாதித்ததுண்டு. உண்மையைச் சொன்னால் ஒருவருடைய இரகசியம் வெளிப்படும், மறைத்தால் பொய்யாகும், இரண்டிற்கும் நடுவே உள்ளத்தில் ஒன்றை ஒதுக்கிவைத்துக்கொண்டு பேசலாமா? அன்று அது வெறும் ஏட்டுச் சுரைக்காயாகத் தோன்றியது. "எல்லாம் நிரல்தான் அண்ணா" என்று சொல்லியிருந்தால் பாராட்டும் கிடைத்திருக்கும், மதினியின் இரகசியமும் காக்கப்பட்டிருக்கும். வாய்வரை வந்துவிட்டது.

"அது நான் வைத்ததில்லை அண்ணா" என்றேன்.

அவர் புரியாமல் என்னைப் பார்த்தார். பின்பு பெட்டியின் முகப்பைப் பார்த்தார். வெள்ளிநிறக் குமிழ் மாலை வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. கொல்லைப்புறத்தில் குடம் நிரம்பும் ஓசை கேட்டது. அவர் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வேறொன்றும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

புறப்படுமுன் பதிவேட்டை அழித்தேன். அதை எழுதும் வரியையும் நிரலிலிருந்து நீக்கினேன். அவர் பார்க்கும்படியே செய்தேன். மருத்துவர் இரவு மாத்திரையின் நேரத்தை மாற்றிக் கொடுத்தார். ஓரளவு பலன் இருப்பதாகச் சொல்கிறார்கள். அரை இலக்கத் திருத்தத்திற்குப் பின் பெட்டி ஒருமுறைகூட அலறவில்லை. அந்த வீட்டில் இப்போது இரவில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது.

இரண்டு மாதம் கழித்து ஒரு திங்களன்று, விடைபெற்று வாசலுக்கு வந்தேன். மதினி பின்னாலேயே வந்து ஒரு பென் டிரைவைக் கையில் கொடுத்தார்கள். "சாமி, இதுல இன்னும் கொஞ்சம் பாட்டு ஏத்தித் தாங்க. மூணு மணிக்கு மேல கேட்ட பாட்டே திரும்பத் திரும்ப வருது."